திடலிற் பயின்ற பண்பு



ஒரு பல்லின் விலை என்ன என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நான் பல்வைத்தியன் அல்லன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள அரசினர் பாடசாலையொன்றின் அதிபர். ஆகவே எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினா எழுந்த வரலாற்றை முதலிற் கூறிவிட்டு, இன்றைய பேச்சின் பொருளுக்கு வருகிறேன்.

மாரிகாலத்து முற்பகலொன்றில், இடைவேளையின்போது, ஏழாம் ஆண்டு மாணவன் ஒருவனுடைய வெள்ளைச் சப்பாத்தின்மேல் இன்னொரு மாணவனின் சேற்றுக்கால் பட்டுவிட்டது. சப்பாத்து புதியது, பிறநாட்டுக் கம்பனியொன்றின் இலச்சினை பொறித்தது. மிதித்தவன் வருத்தம் தெரிவிக்கவில்லை. மிதிபட்டவன் பொறுத்துக்கொள்ளவுமில்லை, பிடித்துத் தள்ளினான். மற்றவன் தண்ணீர்க் குழாயடிச் சீமெந்துக் கட்டில் முகம் மோத விழுந்தான். முன்பல்லொன்று பாதியாய் உடைந்தது.

பிற்பகலிற் பெற்றோர் என் அறைக்கு வந்தனர். தள்ளியவனின் தந்தை நாற்காலியில் அமருமுன்னரே சட்டைப்பையிற் கைவைத்தவாறு, "சேர், பல்லுக்கு எவ்வளவு முடியுமெண்டு சொல்லுங்கோ, இப்பவே தாறன்" என்றார். பல்லுடைந்த பிள்ளையின் தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "எனக்குக் காசு வேண்டாம். பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும்" என்றார். நாங்கள் மூவரும் அப்பையனைப் பார்த்தோம். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கணக்கில் நட்டப்பட்டவன் அவன்தான்.

அத்தந்தை தீயவர் அல்லர். இருள் பிரியுமுன் தொழிலுக்குப் புறப்பட்டு இரவிலே வீடு திரும்பும் உழைப்பாளி. மகனோடு கழிக்க இயலாத பொழுதைப் பொருளாக வாங்கிக் கொடுத்து ஈடுசெய்யப் பழகியவர். அவ்வாறு பழகிய கைதான், ஒரு சொல் வேண்டப்பட்ட இடத்திலும் சட்டைப்பைக்குச் சென்றது. பொருள்மேல் வேட்கை மிகுதலும் மக்களிடையே இங்கிதம் குறைதலும் இருவேறு நோய்கள் என அதுவரை நான் எண்ணியிருந்தேன். அன்று மாலை, அவை ஒரே நோயின் இரண்டு குறிகள்போல எனக்குத் தோன்றின. அந்நோய்க்கு நம் ஊர்த் திடல்களிலே ஒரு மருந்து இருந்தது என்பதையும், அதனை அகற்றியவர்களுள் நானும் ஒருவன் என்பதையும் இன்று கூற விரும்புகின்றேன்.

என் பருவத்தினர் இவ்வேட்கையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கண்டவர்கள். நான் சிறுவனாயிருந்தபோதுதான், 1977 இல், இந்நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதுவரை இறக்குமதிப் பண்டங்கள் அரிது. 1979 இல் தொலைக்காட்சி இந்நாட்டிற்கு வந்தது. 1982 இல் ரூபவாகினி தன் சேவையைத் தொடங்கியது. எங்கள் ஒழுங்கையில் முதன்முதலிற் பெட்டி வந்த வீட்டு முற்றத்திற் பாய் விரித்து முப்பது பேர் இருந்து பார்த்தோம். அது முப்பது வீடுகளுக்கும் வந்தபின்னர், அவரவர் வீட்டில் அவரவர் இருந்தனர். பின்னர்ப் போர் வந்தது; அதன் துயரை விரிக்க இஃது இடமன்று. 2009 இற் போர் ஓய்ந்து ஏ-9 நெடுஞ்சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது பண்டங்கள் வெள்ளமெனப் புகுந்தன. அவற்றோடு கடனும் வந்தது. தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிள், தவணைக் கட்டணத்தில் குளிர்ப்பெட்டி, தவணையைக் கட்டுதற்கு இன்னொரு கடன். 2018 ஆம் ஆண்டிலே, வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியதாயிற்று என்றால், நிலைமையை நேயர்கள் உணரலாம்.

இதனாற் பொருளில்லாத காலமே பொற்காலம் என்று நான் வாதிடுவதாக எண்ணவேண்டாம். 2022 இல் எரிபொருள் அற்றுப்போய் நாடு முழுவதும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, குடாநாட்டுத் தெருக்களில் மீண்டும் துவிச்சக்கரவண்டிகள் நிறைந்தன. மாலைகளிற் பையன்கள் வெளிகளுக்குத் திரும்பினர். அதைக் கண்டு நான் மகிழ்ந்ததுண்டு. ஆனால், அதே மாதங்களில் அதே வரிசைகளிலே ஓர் இடத்துக்காக அயலவர் இருவர் வசைபாடிக்கொண்டதையும் கண்டேன். பொருள் இல்லாமை வேறு. பொருளுக்கு மனத்தில் எந்த அளவு இடம் கொடுப்பது என்று அறிந்திருத்தல் வேறு. முன்னையது தானாக வந்து தானாகப் போகும். பின்னையதை இளமையிலே பழக்கியாகவேண்டும்.

விளையாட்டுப் பொருள்மேற் குற்றமில்லை. தச்சன் செய்து கொடுத்த சிறுதேரைச் சங்கப் புலவர் பாடியிருக்கின்றனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும், பெண்பாலாயின் ஊசலும் அம்மானையும் எனப் பிற்பருவங்களை விளையாட்டுக்கே ஒதுக்கினர். பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பருவமேனும் அவர்கள் ஒதுக்கவில்லை. அதிபராகிய எனக்கு அதில் ஒரு சிறு மனக்குறை உண்டு.

இனிப் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் குடாநாட்டு வானம் பட்டங்களுக்கு உரியதாகிவிடும். கொக்குப்பட்டம், பிராந்துப்பட்டம், பாம்புப்பட்டம், எட்டுமூலைப்பட்டம், பெட்டிப்பட்டம் எனப் பலவகை. மூங்கிலைப் பிளந்து சீவி, நடுவே விரல்கொடுத்து இருபுறமும் எடை ஒத்திருக்கின்றதா என்று பார்த்து, கட்டி, ரிசுத்தாள் ஒட்டி, முச்சை கட்டி, பழஞ்சேலைக் கிழிசலில் வால் பூட்டி முடிக்க ஒரு சிறுவனுக்கு முழுநாள் செல்லும். செலவோ மிகச் சிறிது. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பட்டத்தைக் காற்றின்முன் நிறுத்தியவுடன், அது தன் குறையைத் தானே கூறிவிடும். தலைகீழாகக் குத்தினால் வால் போதாது. ஒருபக்கம் சாய்ந்தால் மூங்கிலின் எடை பிழை. எழாது இழுபட்டால் முச்சை பிழை. பட்டத்தோடு வாதாட முடியாது. அதை விற்ற கடைக்காரனைக் குறைகூறவும் முடியாது. தன் பிழையைத் தானே கண்டு, அவிழ்த்துத் திருப்பிக் கட்டவேண்டும். பன்னிரண்டு வயதிலே இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பட்டத்துக்கு விண் பூட்டுவதும் உண்டு. வில்லாக வளைத்த மூங்கிலிலே நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையிற் பொருத்தினால், காற்றிலே அது ஓயாது கூவும். இரவிற் பட்டத்தைப் பனையிலோ தென்னையிலோ கட்டிவிட்டுத் துயிலச் செல்வோம். விடியுமட்டும் ஊரின்மேல் விண் கூவும். என் தந்தையார் பாயிற் படுத்தபடியே, இது இன்னார் வீட்டு விண், இது இன்னார் வீட்டு விண் என்று குரலைக்கொண்டு சொல்லுவார். அவரவர் செய்த பொருளுக்கு அவரவர் குரல் இருந்தது. கடையிலே வாங்கிய பொருளுக்கு அஃது இல்லை.

அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. நூலைப் பிடிப்பவன் தனியே பட்டத்தை ஏற்ற இயலாது. ஐம்பது பாகத்துக்கு அப்பால், பட்டத்தை இருகையாலும் உயர்த்திப் பிடித்து, காற்று எழும் கணம் பார்த்து விட்டுவிட இன்னொருவன் வேண்டும். அவன் பெரும்பாலும் அயல்வீட்டுப் பையன். நேற்று அவனோடு சண்டை என்றால், இன்று பட்டம் நிலத்திலேதான் கிடக்கும். வாடை அடங்குமுன்னர்க் கோபம் ஆறியாகவேண்டும்! நானும் என் அயலவன் ஒருவனும் ஒரு தை மாதத்தில் மூன்றுநாள் பேசாதிருந்தோம். நான்காம் நாள் நல்ல காற்று. அவன் வேலிப்பொட்டால் வந்து, ஒன்றும் பேசாமல், என் பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியின் மறுகோடிக்கு நடந்தான். மன்னிப்பு என்னும் சொல் எங்கள் இருவரிடையே அன்று உச்சரிக்கப்படவேயில்லை. ஆயினும், அது கேட்கவும் பட்டது; கொடுக்கவும் பட்டது.

பட்டம் இன்று அழிந்துவிடவில்லை. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டத் திருவிழாவைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அங்கே எழும் பட்டங்களின் கைத்திறனைக் கண்டு வியந்தவருள் நானும் ஒருவன். 2021 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பருத்தித்துறைப் பகுதியிலே இராட்சதப் பட்டமொன்று கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரையே அந்தரத்தில் தூக்கிச் சென்ற காட்சியை உலகமே பார்த்தது. உடன்பிடித்தவர்கள் கயிற்றை விட்டுவிட, அவர் ஒருவர் மாத்திரம் பற்றியிருந்தார். நல்வேளையாக உயிர் தப்பினார். வீரர்கள் வல்லவராகட்டும், பட்டங்கள் பெரியனவாகட்டும், எனக்கு மறுப்பில்லை. என் கவலையெல்லாம், கடற்கரையில் ஆயிரம் சிறுவர் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, ஒரு மூங்கிலையேனும் பிளவாமல் வீடு திரும்பி, கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர் என்பதே.

அடுத்தது கிளித்தட்டு. இதனை அறியாத யாழ்ப்பாணத்தவர் என் தலைமுறையில் இல்லை. என் மாணவரிற் பலர் பெயரைமட்டும் அறிவர். ஆகையாற் சிறிது விளக்குகிறேன். நிலத்திலே நீள்சதுரமாகக் கோடு கீறி, நடுவே நெடுகலாய் ஒரு கோடும் குறுக்கே பல கோடுகளும் இடுவர். மறிக்கும் கட்சியினர் குறுக்குக் கோடுகளில் ஒவ்வொருவராக நிற்பர். அவர்களுள் ஒருவர் கிளி. கிளிக்கு மாத்திரம் சுற்றுக்கோட்டிலும் நடுக்கோட்டிலும் ஓடும் உரிமையுண்டு. எதிர்க்கட்சியினர் தொடுபடாமல் ஒவ்வொரு தட்டாகக் கடந்து மறுகரை சென்று மீளவேண்டும். தொடுபட்டால் ஆட்டம் மாறும். விதிகள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், சப்பாத்து வேண்டாம். சப்பாத்து இருந்தால் இடைஞ்சல். அறுவடை முடிந்த வயலும் நிலவும் போதும்.

இவ்விளையாட்டில் நடுவர் இல்லை. விரல்நுனி முதுகிற் பட்டதா, சட்டையின் ஓரத்திற் பட்டதா, படவேயில்லையா என்பது, மங்கிய நிலவிலே, தொட்டவனுக்கும் தொடப்பட்டவனுக்கும் மாத்திரமே தெரியும். "பட்டது" என்று தொடப்பட்டவனே சொல்லி வெளியேறவேண்டும். சொல்லாமல் ஓடலாம். ஓடினால் அன்றைய ஆட்டத்தை வெல்லலாம். ஆனால் நாளை கட்சி பிரிக்கும்போது, இரு தலைவரும் அவனை எடுக்கத் தயங்குவர். எந்தத் தண்டனையும் அதற்கு ஒப்பாகாது. ஏமாற்றுபவனை வைத்துக்கொண்டு விளையாட முடியாது. அவனை நீக்கினாலோ ஆள் குறையும். ஆகவே ஏசுவர், இரங்குவர், ஈற்றில் இன்னொரு முறை இடம் கொடுப்பர்.

சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் பியாஜே என்பவர், சிறுவர்களின் அறவுணர்வு எவ்வாறு உருவாகின்றது என்று ஆராய்ந்து 1932 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கோலிக்குண்டு விளையாட்டு. சிறு பிள்ளைகள் விதியை மூத்தோர் இட்ட கட்டளையாகவே கருதுகின்றனர் என்றும், வயது ஏறி ஒத்தவர்களோடு பலகாலம் விளையாடிய பின்னரே, அது தமக்குள்ளே தாம் செய்துகொண்ட உடன்பாடு என உணர்கின்றனர் என்றும் அவர் கண்டார். அந்நூலைப் பல்கலைக்கழகத்திற் படித்தபோது எனக்கு எங்கள் வயல்வெளி நினைவுக்கு வந்தது. ஆசிரியர் கண்முன்னே மாத்திரம் ஒழுங்காயிருக்கும் பிள்ளையை உருவாக்கப் பிரம்பு போதும். ஆசிரியர் இல்லாதபோதும் ஒழுங்காயிருக்கும் பிள்ளைக்கு, ஆசிரியர் இல்லாத ஓரிடம் வேண்டும்.

வெளியிலே விளையாடுவது எல்லாமே இதைத் தந்துவிடும் என்று கூறமாட்டேன். கிரிக்கெட்டும் வெளி விளையாட்டே. யான் அதன் பரம இரசிகன். 1904 ஆம் ஆண்டு முதலாக யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் ஆடிவரும் வடக்கின் பெரும் போரை இயன்றவரை தவறவிடுவதில்லை. எனினும், அங்கே ஆடுவோர் இருபத்திருவர், மற்றையோர் பார்வையாளர். மட்டைக்கும் கையுறைக்கும் காலுறைக்கும் ஆகும் செலவைக் கேட்ட தந்தைமார் சிலர், மகனுக்கு அவ்விளையாட்டு வேண்டாம் என முடிவுசெய்வதை அறிவேன். தென்னை மட்டையிற் கிரிக்கெட்டு ஆடிய காலத்தில் அக்கவலை இருக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு வைரமான சிரட்டையுள்ள தேங்காய் தேடி அலைந்து போர்த்தேங்காய் அடித்ததும் அத்தகையதே. சிங்கள அயலவரும் அதே புத்தாண்டில் அதே தேங்காயை அடித்து, அதே ஊஞ்சலில் ஆடினர். அவர்களிடமும் அவ்வழக்கம் அருகிவருவதாக அங்குள்ள அதிபர் நண்பர்கள் கூறுகின்றனர்.

பெண்பிள்ளைகளைப்பற்றி ஒரு வார்த்தை. கழங்கின் வழிவந்த கொக்கானையும், கெந்தி ஆடும் எட்டுக்கோட்டையும் அவர்கள் முற்றத்திலே ஆடினர். கிளித்தட்டிலும் வல்லவர்கள் இருந்தனர். ஆயினும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வெளியின் கதவை அவர்களுக்கு முதலிற் சாத்தியவர்கள் நாமே. என் தமக்கையார் எங்கள் ஒழுங்கையிலே பேர்பெற்ற கிளி. ஒரு நாள் மாலை, இனிப் போகவேண்டாம் என்று வீட்டிலே கூறிவிட்டனர். அதன்பின் அவர் வேலியருகே நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். பழையனவெல்லாம் நல்லன என்று நான் பேச முற்படும்போதெல்லாம் அவ்வேலி எனக்கு நினைவுக்கு வரும்.

இனி, நான் செய்த பிழை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை நம் நாட்டுப் பெற்றோர் அறியாததன்று. சில வருடங்களுக்கு முன், எங்கள் பாடசாலையின் சித்திவீதம் குறைவு எனக் குறை எழுந்தபோது, நான் விளையாட்டுப் பாடவேளைகளை எடுத்துக் கணிதத்துக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் கொடுத்தேன். கீழ்வகுப்பிற் செய்தது மெல்ல மேல்வகுப்புகளுக்கும் பரவியது. மைதானத்திற் புல் முழங்கால் அளவு வளர்ந்தது. பெற்றோர் என்னைப் பாராட்டினர். ஒரு பொன்னாடையும் போர்த்தினர். பல்லுடைந்த அன்று, அவர்கள் எழுந்து சென்றபின், என் அறைச் சன்னலால் அப்புல்லைப் பார்த்தேன். தவறி மிதிப்பதும், மிதிபடுவதும், "பட்டது" என்று ஒப்புக்கொள்வதும், சிறிது நேரத்தில் அதை மறப்பதும் நிகழவேண்டிய நிலம் அது. அங்கே நிகழாதது குழாயடியில் நிகழ்ந்துவிட்டது.

அடுத்த தவணையிற் புல் வெட்டுவித்து, வாரத்தில் இருநாள் இறுதிப் பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் வாரங்கள் என் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கின. பிள்ளைகளுக்கு விளையாடத் தெரியவில்லை. ஒவ்வொரு தொடுகையும் வழக்காகியது. "சேர், நீங்கள் சொல்லுங்கோ!" என்று என்னிடம் ஓடிவந்தனர். நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு வேம்பின்கீழ் இருந்தேன். ஒருநாள் முழுப் பாடவேளையும் வாதத்திலே கழிந்து, ஒரு தட்டுக்கூடக் கடக்கப்படாமல் மணி அடித்தது. வாதாடினால் விளையாட்டு இல்லை என்பதை அன்று அவர்களே கண்டுகொண்டார்கள் போலும். மறுவாரம் வாதம் குறைந்தது. பெற்றோர் சிலர் முறையிட்டனர். பரீட்சைப் பெறுபேறு இதனால் உயர்ந்தது என்று கூறி அவர்களைச் சமாதானப்படுத்த என்னால் இயலாது, உயரவுமில்லை, தாழவுமில்லை.

சப்பாத்துக்காரப் பையன் இப்போது சப்பாத்தைக் கழற்றி வேம்படியில் என்னருகே வைத்துவிட்டு ஓடுகின்றான். பல்லுடைந்தவன் பெரும்பாலும் எதிர்க்கட்சி. ஒருநாள் அவன் கிளியாக நின்று, கோட்டிலே பாய்ந்து, இவனை எட்டித் தொட்டான், அல்லது தொடவில்லை. இருந்த இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை, எவருக்கும் தெரிந்திராது. சப்பாத்துக்காரன் இரண்டடி ஓடி நின்றான். பின் "பட்டது" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தான். அவனை நான் பார்க்கவில்லை, பார்த்தால் வெட்கப்படுவான். உடைந்த பல்லுக்காக அத்தாயார் கேட்ட சொல்லை அவன் என்றேனும் சொன்னானோ, அறியேன்.

அவன் தந்தை சென்ற மாதம் ஒரு மாலை, மகனை ஏற்றிச்செல்ல நேரத்தோடே வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மதிலருகே நின்று ஆட்டத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலிப்பு. சிறிது நேரத்தில் என்னிடம் வந்து, "சேர், இவங்கள் தட்டைப் பிழையாக் கீறியிருக்கிறாங்கள். இவ்வளவு ஒடுக்கமா இருந்தா எப்படி ஓடுறது?" என்றார். எனக்குக் கோடு கீறத் தெரியாது என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் இறங்கி, குதிக்காலை நிலத்தில் ஊன்றி, பின்பக்கமாக நடந்து ஒரு கோடு கீறத் தொடங்கினார். பிள்ளைகள் விலகி வழிவிட்டு நின்றனர். அன்று மகனும் தந்தையும் வீட்டுக்குப் புறப்பட இருட்டிவிட்டது.